கரண்ட் வைத்த தாடையில் கை வைக்கும் முன்

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 61. இரண்டு வருடங்களுக்கு முன் டான்சில் பக்கம் புற்றுநோய் என்று 33 நாள் கரண்ட் வைத்தார்கள். நோய் போய்விட்டது, ஸ்கேன் எல்லாம் சுத்தம். ஆனால் ஆறு மாதமாகப் பற்கள் ஒவ்வொன்றாக ஈறு ஓரத்தில் அரித்து, சாக்பீஸ் மாதிரி உதிர்கின்றன. ஒரு பல் மருத்துவர் 11 பற்களுக்கு வேர் சிகிச்சை, கேப் என்று எழுதிக்கொடுத்த எஸ்டிமேட்டைப் பார்த்துத் தலை சுற்றிவிட்டது. இன்னொருவர், “எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் பல் செட் போடுங்கள், கால்வாசிச் செலவில் முடியும்” என்கிறார். இன்ஷூரன்ஸில் கேட்டால், பல் செலவு சேராது என்று ஒரே வரியில் கடிதம். புற்றுநோய்க்கு வாங்கிய கடனே இன்னும் அடையவில்லை. அப்பா இப்போது வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் பேசுகிறார். பிடுங்கிவிடலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: சகோதரி, கடைசியில் கேட்டதற்கு முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு ஒரு பல்லையும் பிடுங்க விடாதீர்கள். அந்த மருத்துவர் சொன்ன கணக்கு சாதாரண வாய்க்குச் சரியாக இருக்கலாம். கரண்ட் வைத்த தாடைக்கு அது பொருந்தாது.

காரணம் எலும்பு. 33 நாள் என்றால், நாளுக்கு 2 கிரே (கதிரை அளக்கும் அலகு) என்ற வழக்கமான கணக்கில் 66 கிரே வரை கதிர் போயிருக்கும். 60 கிரேக்கு மேல் வாங்கிய எலும்பில், முக்கியமாகக் கீழ்த்தாடையில், நுண்ணிய ரத்தக் குழாய்கள் சுருங்கிப்போகின்றன. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் காயம் பட்டால் ஆறுவது கஷ்டம். பல் பிடுங்கிய குழி மூடாமல், எலும்பு வெளியே தெரிந்தபடி மாதக்கணக்கில் கிடக்கலாம். ஆஸ்டியோரேடியோநெக்ரோசிஸ் என்று இதற்குப் பெயர். எல்லோருக்கும் வருவதில்லை, நூற்றில் சிலருக்குத்தான் வருகிறது. வந்து முற்றிவிட்டால், தாடையின் ஒரு பகுதியை வெட்டியெடுத்துவிட்டுக் காலிலிருந்து எலும்பு எடுத்து வைக்கும் அறுவை சிகிச்சை வரைக்கும் போக நேரிடும். வருடம் போகப் போக இந்த ஆபத்து தீர்ந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ஆயுளுக்கும் கூடவே வரும். கால்வாசிச் செலவு என்று தொடங்கியது எங்கே போய் நிற்கக்கூடும் என்று பாருங்கள். பல் செட்டும் லேசானதல்ல. ஈரமில்லாத வாயில் அதன் ஓரம் உரசிப் புண்ணாக்கினால், அந்தப் புண்ணே எலும்பு வரை இறங்க வழியிருக்கிறது.

அதற்காக அந்தப் பெரிய எஸ்டிமேட்டுக்கு இன்னொரு கடன் வாங்குங்கள் என்று சொல்ல மாட்டேன். அதில் எனக்கு வேறொரு குறை தெரிகிறது. அரிக்கும் காரணத்தை நிறுத்தாமல் 11 கேப் போட்டால், கேப்புக்கும் ஈறுக்கும் நடுவில் திரும்பவும் அரிக்கும். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

காரணம் எச்சில். கன்னத்துக்குள்ளும் தாடைக்கு அடியிலும் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பிகள் கதிரில் வாடிவிட்டன. வாயில் ஊறும் அமிலத்தைத் தணிப்பதும், பல்லிலிருந்து கரைந்துபோன கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் திரும்பக் கொடுப்பதும் எச்சில்தான். அது வற்றினால் பல்லின் கழுத்துப் பகுதி சில மாதங்களிலேயே அரித்துவிடும். அப்பா பல் தேய்க்காததால் வந்தது என்று வீட்டில் யாராவது சொல்லியிருந்தால், தயவுசெய்து அந்தப் பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள்.

ஆகவே கையில் இருக்கும் பணத்தில் முதல் பங்கு ஃபுளோரைடுக்கு. பற்களின் அளவெடுத்து மெல்லிய பிளாஸ்டிக் ட்ரே இரண்டு, மேலுக்கும் கீழுக்கும், செய்து தரச் சொல்லுங்கள். ஒரு தடவை செய்தால் பல்லின் வடிவம் மாறாத வரை வருடக்கணக்கில் உழைக்கும். அதில் 1.1 சதவீத சோடியம் ஃபுளோரைடு ஜெல்லை மெல்லிய கோடாக இட்டு, படுக்கும் முன் ஐந்து முதல் பத்து நிமிடம் மாட்டிக்கொள்ள வேண்டும். பிறகு துப்பலாம், கொப்பளிக்கக் கூடாது. அரை மணி நேரம் எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ வேண்டாம். ஜெல் அமிலத்தன்மை இல்லாத நியூட்ரல் வகையா என்று பார்த்து வாங்குங்கள். மற்றது வறண்ட வாயில் எரியும். ட்ரேக்கும் வழியில்லை என்றால் 5000 பிபிஎம் ஃபுளோரைடு உள்ள பற்பசையைப் பல் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். கடையில் கிடைக்கும் சாதாரண பேஸ்ட்டில் 1000 முதல் 1500 வரைதான் இருக்கும். இதை ஆயுள் முழுக்கச் செய்ய வேண்டும். அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் என் அனுபவத்தில், ட்ரேயை விடாமல் மாட்டியவர்களுக்கும் மூன்றாம் மாதமே டிராயரில் போட்டவர்களுக்கும் உள்ள வித்தியாசம் வாயைத் திறந்த உடனேயே தெரியும்.

கொப்பளிக்க விலை உயர்ந்த மவுத்வாஷ் வேண்டாம். ஆல்கஹால் கலந்தது இருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் ஸ்பூன் சமையல் சோடா, அரைக்கால் ஸ்பூன் உப்பு போட்டு நாளுக்கு நாலைந்து முறை கொப்பளித்தால் போதும். கைக்கெட்டும் இடத்தில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும். இனிப்புப் பானங்களைச் சிறுகச் சிறுக உறிஞ்சுவது கெடுதல். எச்சில் ஊற பைலோகார்பைன் என்ற மாத்திரையும் உண்டு. ஆனால் ஆஸ்துமாவோ கண் அழுத்த நோயோ இருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லாமல் தொடக் கூடாது.

அடுத்து, எஸ்டிமேட் கொடுத்த மருத்துவரிடமே திரும்பப் போய், அதை மூன்றாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள்: இந்த மாதமே செய்தாக வேண்டியவை, ஆறு மாதத்துக்குள் செய்யலாம் என்பவை, காத்திருந்தால் ஒன்றும் ஆகாதவை. கேட்கக் கூச்சப்படாதீர்கள். வலியும் சீழும் உள்ளவைதான் முதல் வரிசை. கழுத்து அரித்த பற்கள் பலவற்றைக் கிளாஸ் அயனோமர் சிமெண்ட் வைத்து அடைத்தால் இப்போதைக்குத் தாங்கும். வறண்ட வாயில் அது தேய்ந்துபோகலாம், திரும்ப வைக்க வேண்டியிருக்கும். கேப்போடு ஒப்பிட்டால் செலவு எவ்வளவோ குறைவு. கடைவாய்ப் பற்களுக்குச் சில்வர் டயமைன் ஃபுளோரைடு என்ற திரவத்தைத் தடவி அரிப்பை நிறுத்தலாம். சொத்தை இருந்த இடம் கன்னங்கரேலென்று ஆகிவிடும், அதுதான் அதன் குறை. உள்ளே இருக்கும் பல்லை யார் பார்க்கப் போகிறார்கள்? இந்தத் திரவம், கிளாஸ் அயனோமர், ஃபுளோரைடு பேஸ்ட் மூன்றையும் உலக சுகாதார நிறுவனம் 2021-ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆகவே இவற்றைக் கேட்டால், ஏதோ மலிவுச் சரக்கு கேட்பதாக யாரும் நினைக்க வேண்டியதில்லை.

மேல்பாகம் முழுக்க உடைந்து வெறும் வேர் மட்டும் நிற்கும் பற்களையும் பிடுங்காமல் சமாளிக்கலாம். வேர் சிகிச்சை செய்து, ஈறு மட்டத்துக்குச் சீவி மூடி, வேரை அப்படியே எலும்பில் விட்டுவிடுவார்கள். கேப் தேவையில்லை என்பதால் செலவும் இறங்கும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு காகிதம் வேண்டும். கரண்ட் வைத்த மருத்துவமனையில் கதிர்வீச்சு சிகிச்சைச் சுருக்கம் கேளுங்கள்: மொத்தம் எத்தனை கிரே, எந்தெந்தப் பகுதிக்கு, எந்தத் தேதியில் முடிந்தது. தாடையின் எந்த இடத்துக்கு எவ்வளவு போனது என்பதைக் கம்ப்யூட்டர் படத்திலேயே பார்த்துச் சொல்லுவார்கள். அப்பாவுக்கு ஒரு பக்கத்துக்கு மட்டும் வைத்திருந்தால், மறுபக்கப் பற்களும் மேல்வரிசையில் சிலவும் குறைந்த அளவே வாங்கியிருக்கும். அங்கே தேவைப்பட்டால் பிடுங்குவதில் இவ்வளவு பயமில்லை. நீங்கள் பயப்படும் 11 பற்களில் உண்மையிலேயே ஆபத்தான இடத்தில் இருப்பவை எத்தனை என்பது இந்தக் காகிதத்தில்தான் தெரியும். தவிர்க்கவே முடியாமல் பிடுங்க நேர்ந்தால், கதிர் பட்ட தாடையைக் கையாண்டு பழகிய வாய் அறுவை நிபுணரிடம், ஒரு நேரத்துக்கு ஒன்றிரண்டு பல் என்று எடுக்கட்டும்.

அப்போது சிலர், எலும்பு ஆறுவதற்காக, அழுத்தம் கூட்டிய ஆக்ஸிஜன் அறையில் பிடுங்கும் முன் இருபது, பிடுங்கிய பின் பத்து என்று முப்பது அமர்வு உட்கார வேண்டும் என்பார்கள். 1980-களில் அமெரிக்க வாய் அறுவை நிபுணர் ராபர்ட் மார்க்ஸ் செய்த ஆய்வுகளால் பரவிய பழக்கம் அது. 2019-ல் வெளியான ஹோப்பான் ஆய்வில், கீழ்த்தாடையில் பல் பிடுங்கியவர்களையும் இம்பிளாண்ட் வைத்தவர்களையும் ஆறு மாதம் கழித்துப் பார்த்தார்கள். ஆக்ஸிஜன் எடுத்தவர்களில் 6.4 சதவீதம், எடுக்காதவர்களில் 5.7 சதவீதம் பேருக்கு எலும்புப் பாதிப்பு. அதாவது, ஆக்ஸிஜனால் பலன் எதுவும் தெரியவில்லை. பெரிய செலவுள்ள சிகிச்சை என்பதால், அப்பாவுக்கு அது ஏன் அவசியம் என்று காரணம் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் ஒரு வரிக் கடிதத்தோடு ஓய்ந்துவிடாதீர்கள். அவர்கள் பார்த்தது பல் பில்லை. கரண்ட் வைத்த டாக்டரிடம், இந்தப் பல் சிதைவு கதிர்வீச்சு சிகிச்சையின் பின்விளைவு, கவனிக்காவிட்டால் தாடை எலும்பு பாதிக்கும் என்று கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். மறுப்புக்கு எந்த விதி காரணம் என்று எழுத்தில் கேட்டு, அந்தக் கடிதத்தை இணைத்து மேல்முறையீடு செய்யுங்கள். முறையீட்டுக்குக் கெடு தேதி இருக்கும், தவற விடாதீர்கள். கிடைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. முழுதாகக் கிடைக்காமல் வேர் சிகிச்சைக்கு மட்டும் கிடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், தனியார் கிளினிக்கை மட்டும் சுற்றாதீர்கள். புற்றுநோய் மருத்துவமனையிலேயே பல் பிரிவு இருக்கிறதா, சமூகப் பணியாளர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். உதவி நிதி எங்கே இருக்கிறது என்பது டாக்டரைவிட அவருக்குத்தான் தெரியும். பல் மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்கள் பேராசிரியர் மேற்பார்வையில் செய்வதால் கட்டணம் குறைவு. நாலு தடவை வரச்சொல்லிப் பொறுமையைச் சோதிப்பார்கள். போனதும் பதிவுச் சீட்டிலேயே “தாடைக்குக் கதிர்வீச்சு” என்று பெரிதாக எழுதச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனையை மட்டும் செலவுக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத சொத்தையை அடைக்க ஆகும் செலவு மிகக் கொஞ்சம்.

வாயைக் கையால் மூடிப் பேசுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். முன்பற்களுக்கு கேப்தான் வேண்டும் என்றில்லை. ட்ரேயை ஒழுங்காக மாட்டி, மூன்றாம் மாதப் பரிசோதனையில் புதிதாக அரிப்பு எதுவும் இல்லை என்று தெரிந்தால், பல் நிறத்திலேயே காம்போசிட் வைத்து முன்பற்களைக் கட்டிவிடச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு அமர்வில் முடிகிற வேலைதான். அதை அப்பாவிடம் இன்றே சொல்லிவிடுங்கள். ராத்திரி ட்ரே மாட்ட அவருக்கு ஒரு காரணம் வேண்டுமே.