பட்டாணி சமையல்: கேட்டதும் சொன்னதும்

கேட்கும் முன் எந்தப் பட்டாணி என்று சொல்லிவிடுங்கள். தோடு உரித்த பச்சைப் பட்டாணி, ஊறவைக்கிற காய்ந்த பட்டாணி, பிரீசர் பாக்கெட் என்று மூன்று இருக்கின்றன. மூன்றுக்கும் வேகிற கணக்கு வேறு. கீழே ஊர்ப்பெயரோடு இருப்பது கேட்டவர்கள் கேள்வி, பெயரில்லாதது என் பதில்.

வள்ளியூர்: அக்கா, காய்ஞ்ச பட்டாணி ராத்திரி முழுக்க ஊறியும் வேக மாட்டேங்கு. ஆறு விசில் விட்டாச்சு, தோல் ரப்பர் மாதிரி பல்லுல நிக்கு. வீட்ல போர் தண்ணிதான்.

மதினி, கோளாறு தண்ணீரில்தான். போர் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து பட்டாணித் தோலில் ஏறி அதை இறுக்கிவிடும். விசிலைக் கூட்டினால் உள்ளே மாவாகுமே தவிர தோல் அப்படியே கிடக்கும். 200 கிராம் பட்டாணிக்கு 1 லிட்டர் குடிதண்ணீர், 2 தேக்கரண்டி உப்பு போட்டு 8 மணி நேரம் ஊறவையுங்கள். கோடையில் 6 மணி நேரம் போதும். மேலே போனால் நுரைத்துப் புளித்த வாடை வரும். உப்பு போட்டால் வேகாது என்பார்கள். ஊறும்போது போடுகிற உப்பு தோலை இளக்கத்தான் செய்யும். வேகவிடாமல் பிடிப்பது புளியும் தக்காளியும். ஊறியதை வடித்து அலசி, புதுக் குடிதண்ணீரில், பட்டாணிக்கு மேல் ஒரு விரற்கடை நிற்கிற மாதிரி வையுங்கள். 3 விசில், பிறகு சிம்மில் 5 நிமிடம். ஆவி தானாக அடங்கட்டும். ஒன்றை எடுத்து இரு விரலால் நசுக்கினால் தோல் வழுக்கி விலக வேண்டும். அப்படியும் வேகவில்லையென்றால் சரக்கு பழசு.

ஆப்பச்சோடா போட்டுவிடாதீர்கள். தோல் இளகும், நிறமும் நிற்கும். கூடவே பட்டாணி கூழாகி, சோப்பு வாடை அடித்து, பி1 வைட்டமினும் போய்விடும்.

சங்கரன்கோவில்: ஊறவச்ச தண்ணி கரும்பச்சையா இருக்கு. வடிச்சுட்டு சமைக்கலாமா?

வேண்டாம், கொட்டிவிடுங்கள். சாயம் போட்ட பட்டாணி. அடுத்த முறை ஒரு பிடியைக் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் விட்டுக் கலக்கி அரை மணி நேரம் வையுங்கள். தண்ணீர் பச்சையாக இறங்கினால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். நல்ல காய்ந்த பட்டாணி மங்கலாகத்தான் இருக்கும். பளபளவென்று ஒரே பச்சையாக மின்னினால் வாங்காதீர்கள்.

பாவூர்சத்திரம்: சீசன்ல மலிவா கிடைக்கும்போது வாங்கி வைக்கலாமா? 1 கிலோ உரிச்சா எவ்வளவு தேறும்?

400 முதல் 450 கிராம் தேறும். பறித்த நிமிடத்திலிருந்து அதிலுள்ள இனிப்பு மாவுச்சத்தாக மாறிக்கொண்டே இருக்கும், அதனால் வாங்கிய அன்றே உரியுங்கள். கொதிக்கிற தண்ணீரில் 2 நிமிடம் போட்டு, ஐஸ் தண்ணீரில் கொட்டி, துணியில் ஈரம் போக உலர்த்தி, தட்டில் பரப்பி பிரீசரில் உறையவிட்டுப் பிறகு பையில் கட்டுங்கள். நேரே பையில் போட்டால் கட்டியாகிவிடும். கொதிநீரில் போடாமல் வைத்தால் உறைந்த பிறகும் நிறமும் மணமும் கெடும்.

தென்காசி: பட்டாணிக்கு எத்தனை விசில்?

காய்ந்ததற்கு மேலே சொல்லியிருக்கிறேன். பச்சைப் பட்டாணிக்குக் குக்கரே வேண்டாம். திறந்த பாத்திரத்தில் கொதிநீரில் 6 முதல் 8 நிமிடம். மூடினால் நிறம் மங்கிவிடும்.

திருநெல்வேலி டவுன்: அக்கா, சொதில (தேங்காய்ப்பால் குழம்பு) பட்டாணி போடுதாங்க. இது எந்த ஊர் வழக்கம்? எங்க வீட்டு மாப்பிள்ளைச் சொதில உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முருங்கைக்காய் அவ்வளவுதாம்.

பாளையங்கோட்டை: எங்க வீட்ல மறுவீட்டு விருந்துக்கே பட்டாணி உண்டு. டவுன்காரங்க சொல்லுததுதான் சொதியா?

இரண்டு வீட்டுச் சொதியும் சொதிதான். எந்தப் பட்டாணி, எப்போது போடுவது என்பதைத்தான் பார்க்க வேண்டும். காய்ந்த பட்டாணி போட்டால் அதன் மாவு தேங்காய்ப்பாலில் கரைந்து கெட்டிப்பட்டு, பயறு வாடை இஞ்சியை அமுக்கிவிடும். அது குருமா. இளம் பச்சைப் பட்டாணி என்றால் ஒரு கைப்பிடி, 50 கிராமுக்கு மேல் வேண்டாம். பாலும் இனிப்பு, கேரட்டும் இனிப்பு. பட்டாணியும் கூடினால் திகட்டும்.

ஒரு பெரிய தேங்காயில் முதல் பால் 1 கப், இரண்டாம் பால் ஒன்றரை, மூன்றாம் பால் ஒன்றரை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் பாலில் கிழங்கு, முருங்கைக்காய், சின்ன வெங்காயம், பூண்டு வேகட்டும். கிழங்கு பாதி வெந்ததும் கேரட், பீன்ஸ், பட்டாணியோடு இரண்டாம் பால். காய் வெந்தபின் 50 கிராம் பாசிப்பருப்பை வேகவைத்து மசித்தது, 5 பச்சைமிளகாயும் ஒன்றரை அங்குல இஞ்சியும் அரைத்தது, உப்பு. முதல் பாலை ஊற்றியபின் ஓரத்தில் நுரை கட்டும்போதே இறக்குங்கள், கொதித்தால் திரிந்துவிடும். எலுமிச்சைச் சாறு இறக்கி, சூடு தணிந்தபின்தான். அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் பாலும் திரியும், பட்டாணியும் பழுப்பாகும்.

டவுன்: அப்போ பிரீசர் பட்டாணி?

அது ஏற்கெனவே கொதிநீர் கண்டது. உறைந்தபடியே கடைசி 3 நிமிடத்தில் போடுங்கள்.

பாளையங்கோட்டை: அப்ப நாங்க சொன்னதுதான் சரி.

50 கிராம் வரைக்கும் சரி.

ஆலங்குளம்: கூட்டாஞ்சோத்துல காய்ஞ்ச பட்டாணி போடலாமா?

போடலாம், தனியாக வேகவைத்துக்கொண்டு. கூட்டாஞ்சோறு வேகிற புளித்தண்ணீரில் அது வேகாது.

நாங்குநேரி: மாடியில பட்டாணிச் செடி வருமா?

குளிர் கேட்கிற செடி அது. நம் வெயிலில் பூ உதிரும். மற்றதைத் தோட்டக்கலை அலுவலகத்தில் கேளுங்கள்.

களக்காடு: சுகர் இருக்கவங்க எவ்வளவு சாப்பிடலாம்?

அதை உங்களைப் பார்க்கிற டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கடையநல்லூர்: அக்கா, எத்தனை விசில்?

எந்தப் பட்டாணி என்று முதலில் சொல்லுங்கள். வள்ளியூருக்கும் தென்காசிக்கும் சொன்னதை ஒருமுறை வாசித்துவிடுங்கள். சோடா போடாதீர்கள்.

அம்பாசமுத்திரம்: புலாவ்ல பட்டாணி சுருங்கிப் போவுது. ஏன்?

வெந்ததும் வடித்துக் காற்றாட வைத்திருப்பீர்கள். சூட்டில் உப்பின பட்டாணி திடீரென்று ஆறினால் தோல் சுருங்கும். வெந்த தண்ணீரிலேயே ஆறவிடுங்கள். அரிசி முக்கால் பதம் வந்தபின் வடித்துச் சேருங்கள். பட்டாணி வெந்த தண்ணீரில் கொஞ்சத்தை அரிசி வைக்கும்போதே எடுத்து, அரிசிக்கு ஊற்றுகிற அளவில் சேர்த்துக்கொள்ளலாம்.