கேலண்டர் ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போனால்

கேள்வி: போனில் போடும் மீட்டிங், கம்ப்யூட்டரில் உள்ள தண்டர்பேர்ட் என்ற மெயில்-கேலண்டர் மென்பொருளுக்கு அரை மணி நேரம் கழித்துதான் வருகிறது. இத்தனைக்கும் நெட் நல்ல வேகம்.

பதில்: நெட் மேல் பழி இல்லை. தண்டர்பேர்ட்தான் அவ்வப்போது சர்வரிடம் போய் ‘புதுசா ஏதாவது உண்டா?’ என்று கேட்டு வரும். நீங்கள் மாற்றாதவரை அதற்கு 30 நிமிட இடைவெளி. கேலண்டர் பெயரை ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் 5 நிமிடமாக்குங்கள்.

கேள்வி: முழுநாள் நிகழ்ச்சியாகப் போட்ட பிறந்தநாள் இரண்டு நாளில் காட்டுகிறது. காலை 5.30க்குத் தொடங்குகிறதாம்!

பதில்: 5.30 என்றதுமே திருடன் யாரென்று தெரிந்துவிட்டது. இந்திய நேரம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. முழுநாள் நிகழ்ச்சி என்றால் வெறும் தேதியை மட்டும்தான் எழுத வேண்டும். ஏதோ ஒரு ஆப் அதை யுடிசி நள்ளிரவிலிருந்து மறுநாள் நள்ளிரவு வரை என்று எழுதியிருக்கிறது. அந்த நிகழ்ச்சியை ஐசிஎஸ் ஃபைலாக (கேலண்டர் நிகழ்ச்சியைச் சேமிக்கும் ஃபைல் வகை) எடுத்து நோட்பேடில் திறந்து பாருங்கள். தொடக்க வரியில் எட்டு இலக்கத் தேதியோடு நின்றால் சரி. அதன்பின் ஆறு பூஜ்யமும் கடைசியில் ஒரு ‘இசட்’டும் இருந்தால், அந்த இசட்தான் யுடிசி. நேரத்தைத் திருத்திக்கொண்டிருக்காதீர்கள், அழித்துவிட்டு, ‘ஆல் டே’ டிக் போட்டுப் புதிதாகச் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: நியூயார்க் குழுவோடு தினமும் மாலை 6.30க்கு மீட்டிங். நவம்பரில் தானாக 7.30 ஆகிவிட்டது. சிங்க் கோளாறா?

பதில்: இல்லை. நவம்பர் முதல் ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைக்கிறார்கள். மார்ச் இரண்டாம் ஞாயிறு மறுபடி முன்னுக்கு. அழைப்பு நியூயார்க் நேரத்தில் இருப்பதால், அவர்களுக்கு அது எப்போதும் காலை 9தான். அழைப்பை நீங்கள் இந்திய நேரத்தில் அனுப்பியிருந்தால், நவம்பரில் அவர்கள் 8 மணிக்கே வந்து உட்கார வேண்டும். யார் சீக்கிரம் எழுவது என்பதை நீங்களே பேசிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரே லேப்டாப்பில் விண்டோஸும், இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டமான உபுண்டுவும் இருக்கின்றன. விண்டோஸில் நினைவூட்டல் வரவே மாட்டேன் என்கிறது.

பதில்: வரும், ஐந்தரை மணி நேரம் கழித்து! நானும் பட்டிருக்கிறேன்: மதியம் 3 மணி மீட்டிங் நடந்துகொண்டிருக்கிறது, திரையில் காலை 9.30. உபுண்டு மதர்போர்டு கடிகாரத்தில் யுடிசியை எழுதிவைக்கும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமென்று நம்பிவிடும். இப்போதைக்கு விண்டோஸின் நேர அமைப்பில் ‘சிங்க் நௌ’ அமுக்குங்கள். அப்புறம் உபுண்டுவுக்குப் போய், அந்தக் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தையே எழுதும்படி ஒருமுறை மாற்றிவிடுங்கள்.