நீண்ட நாள் நின்ற டீசல் வான் ஏன் ஸ்டார்ட் ஆவதில்லை?

கேள்வி: பழைய டொயோட்டா டொல்பின் வானை, உள்ளே தங்கிப் பயணிக்கும் வீட்டு வானாக மாற்றி வைத்திருக்கிறேன். இரண்டு கிழமை நின்றால் ஸ்டார்ட் ஆக நெடுநேரம் எடுக்கிறது. கண்டிப் பக்க ஏற்றங்களில் எஞ்சின் சூடாகிறது. யாழ்ப்பாணத்தில் வைத்து நானே திருத்தலாமா?

பெரும்பகுதியைத் தாராளமாகச் செய்யலாம். முதலில் டீசல் பில்ற்றருக்கு மேலுள்ள கைப்பம்பை அமுக்கிப் பாருங்கள். ஆரம்பத்தில் தளர்வாக இருந்து, பல தடவை அமுக்கியபின் இறுகினால், எங்கோ காற்று புகுந்து டீசல் தாங்கிக்கே திரும்பிவிட்டது என்று அர்த்தம். வெடித்த றப்பர் குழாயும் தளர்ந்த கிளிப்பும்தான் வழக்கமான காரணம். பில்ற்றரின் அடியில் சேரும் தண்ணீரையும் திறந்து வடித்துவிடுங்கள். கைப்பம்ப் இறுக்கமாக இருந்தும் குளிர்ந்த எஞ்சின் மட்டும் சண்டித்தனம் செய்தால், ஸ்டார்ட் ஆகுமுன் எஞ்சினுக்குள் சூடேற்றும் குளோ பிளக்குகளை மீற்றரால் சோதியுங்கள். நல்ல பிளக் ஓர் ஓம் அளவில்தான் காட்டும்.

சூட்டுக்கு வருவோம். ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீரா விடுகிறீர்கள்? நம்முடையது சுண்ணாம்புக்கல் நிலம். கேத்தல் அடியில் படியும் அதே வெள்ளைப் படிவு ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். இதை நம் ஊரில் பலர் கவனிப்பதில்லை, எனக்கு அது பெரிய கவலை. எஞ்சின் நன்றாக ஆறியபின் முழுவதையும் வடித்து, கழுவி, கூலன்ரும் பற்றரிக்கு விடும் வடித்த நீரும் சரிபாதியாக ஊற்றுங்கள். அப்புறமும் சூடானால், சூட்டுக்கேற்பத் தண்ணீரைத் திறந்துவிடும் தேர்மோஸ்ரற், விசிறி இரண்டையும் பாருங்கள்.

ஒன்று மட்டும்: எஞ்சின் ஓடும்போது, டீசலைப் பீச்சும் இன்ஜெக்ரருக்குப் போகும் குழாயில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். இன்ஜெக்ரர் பம்ப் வேலையைக் கராஜிலேயே கொடுங்கள்.