பிள்ளைகளுக்கு ஞானோபதேசம்

கேள்வி: பிள்ளைகள் மலையாளத்தில் படிக்கிறார்கள். சபையில் ஞானோபதேசத்தை, அதாவது கிறிஸ்தவ விசுவாசத்தைக் கேள்வி பதிலாகச் சொல்லித்தரும் பாடத்தை, தமிழில் கடகடவென்று ஒப்பிக்கிறார்கள், அர்த்தம் கேட்டால் விழிக்கிறார்கள். என்ன செய்யலாம்?
– ஒரு தாய், பாறசாலை

பதில்: இதைச் சபை மட்டும் சுமக்க முடியாது அம்மா. 1529-ல் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் சிறிய ஞானோபதேசத்தை எழுதியபோதே, குடும்பத் தலைவர் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்கும் விதமாகத்தான் எழுதினார். இரவு ஜெபம் முடிந்ததும் ஒரே ஒரு கேள்வியைத் தமிழில் நீங்கள் வாசியுங்கள், பிள்ளை தன் சொந்த வார்த்தையில் மலையாளத்திலேயே பதில் சொல்லட்டும், கர்த்தருடைய ஜெபத்தில் வரும் 'வேண்டிய ஆகாரம்' என்றால் நம் வீட்டில் எது என்று கேளுங்கள், கஞ்சியும் மரச்சீனியும் என்றால் சரி, புரிந்துவிட்டது. லுத்தர் அந்த ஆகாரத்துக்குத் தரும் விளக்கத்தில் நல்ல அயலாரைக்கூடச் சேர்த்திருக்கிறார்! மொழி மாறுவதற்குப் பயப்படாதீர்கள். 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்ற தமிழ் நூலே போர்த்துகீசிய ஞானோபதேசத்தின் தமிழாக்கம்தான். அப்புறம், ஞாயிறு பள்ளி ஆசிரியரிடம் அந்த வாரக் கேள்வி எது என்று கேட்டு, அதையே வீட்டிலும் எடுங்கள்.