முதல் செமஸ்டர் லேபில் யார் பின்தங்குகிறார்கள், ஏன்? – கேள்வி பதில்

இருபது வருடங்களாக முதலாமாண்டு மாணவர்களுக்கு புரோகிராமிங் எடுக்கிறேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் துறைக்குள் எல்லோரும் வருவது பற்றியும், வந்தவர்கள் நிலைப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள்.

முதலாமாண்டு மாணவி, தருமபுரி: மேடம், பயாலஜி-மேத்ஸ் குரூப், தமிழ் மீடியம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சீட் கிடைத்தது. வகுப்பில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே பைத்தான் என்ற புரோகிராமிங் மொழி தெரியும். எனக்கு இது வராதோ?

வரும்மா. அவர்களுக்கு இருப்பது முன்பழக்கம். அதைத் திறமை என்று நினைத்து நீ ஒதுங்கிவிடாதே. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1995இல் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்தவர்களில் பெண்கள் 7 சதவீதம்தான். ஆய்வாளர்கள் ஜேன் மார்கோலிஸ், ஆலன் ஃபிஷர் இருவரும் அங்குள்ள மாணவர்களிடம் ஆண்டுக்கணக்கில் பேசிப் பார்த்தார்கள். விலகிய பெண்கள் பலருக்கு முதலில் போனது தன்னம்பிக்கை. ஆர்வம் அதன் பிறகுதான் போயிருக்கிறது. புரோகிராமிங் முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பைச் சேர்க்கையில் தளர்த்தினார்கள். 2000இல் பெண்கள் 42 சதவீதம்.

இன்றே ஒன்று செய். ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில், நீ எழுதும் புரோகிராமைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் காட்டும் ஒவ்வொரு எரரையும் எழுதி, எதிரே உன் தமிழில் அர்த்தம் எழுது. என் மாணவி ஒருத்தி ‘அன்டிக்ளேர்டு’ என்பதற்கு எதிரே ‘அறிமுகம் பண்ணாமலே கூப்பிட்டுட்டேன்’ என்று எழுதியிருந்தாள். அடுத்த வருடத்திலிருந்து நான் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

உதவிப் பேராசிரியர், திருநெல்வேலி: லேபில் இரண்டு பேருக்கு ஒரு சிஸ்டம். பெண்களைத் தனியாக உட்காரவைக்கலாமா?

வேண்டாம் சார். ஒரு மணி நேரம் பின்னால் நின்று, கீபோர்டு யார் கையில் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். முன்பெல்லாம் என் லேபில் பையன் டைப் அடிப்பான், பெண் ரெக்கார்டு எழுதுவாள். சண்டை சச்சரவு இருக்காது. ஆனால் செமஸ்டர் பிராக்டிகலில் தனியாக உட்காரும்போது அவளுக்குக் கை ஓடாது. இப்போது 15 நிமிடத்துக்கு ஒருமுறை மேசையைத் தட்டுவேன்; கீபோர்டு கைமாறியாக வேண்டும். பிரிப்பதென்றால் பழகியவர், புதியவர் என்று பிரியுங்கள். கலிஃபோர்னியாவின் ஹார்வி மட் கல்லூரி தொடக்கப் பாடத்தை அப்படித்தான் பிரித்தது.

அவரே: ‘இது ரொம்ப ஈஸி’ என்று வகுப்பில் சொல்வது தவறா?

அப்படிச் சொல்வதை விட்டுவிடுங்கள். புரியாத பிள்ளை அதன் பிறகு கையே தூக்காது.

மூன்றாமாண்டு மாணவர், கோவை: ஐஐடிகளில் பெண்களுக்கு 20 சதவீதம் என்கிறார்கள். பையன்களின் இடம்தானே போகிறது?

இல்லை தம்பி. 2018இல் தொடங்கியபோதே அவை கூடுதல் இடங்கள். இருந்த இடங்களில் கைவைக்கவில்லை. ஐஐடி நுழைவுத் தேர்வான ஜேஇஇ அட்வான்ஸ்டில் தேறியவர்களுக்குத்தான் அந்த இடமும்.

பட்டதாரி, மதுரை: எனக்குப் பார்வை இல்லை. எம்சிஏ கேட்டால் ‘லேப் எப்படிச் செய்வாய்?’ என்கிறார்கள்.

இந்தக் கேள்வியைப் படித்ததும் மனசு கனத்தது. அடுத்த முறை லேப்டாப்போடு போய், திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் என்விடிஏவில் ஒரு புரோகிராமை அவர்கள் காதுபட ஓடவிடுங்கள். பார்வையற்ற ஆஸ்திரேலியர் மைக்கேல் கரன் 2006இல் தொடங்கிய இலவச மென்பொருள் அது. கணினி விஞ்ஞானி டி.வி. ராமன் 14 வயதில் பார்வை இழந்தவர். ஐஐடி பம்பாயில் படித்து, கணித நூல்களைக் கணினியே வாசித்துக் காட்டும் ஆய்வுக்காக 1994இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அரசு, அரசு உதவிபெறும் கல்லூரி என்றால் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீதத்துக்குக் குறையாமல் இடம் தர வேண்டும். மனுவில் அதைக் குறிப்பிடுங்கள். சேர்ந்த பிறகு முதலில் கேட்க வேண்டியது பாடக்குறிப்பை. போட்டோ பிடித்த பிடிஎஃப் என்றால் என்விடிஏ தானாக வாயைத் திறக்காது. டைப் செய்த கோப்பாகத் தரச் சொல்லுங்கள்.