கண்ணாடிக் கீறலுக்குப் பற்பசை தேய்க்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 56. மூக்குக்கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து லென்ஸ் முழுக்க மெல்லிய கீறல்கள். இரவில் ஸ்கூட்டர் ஓட்டும்போது எதிரே வரும் வெளிச்சம் சிதறிக் கண் கூசுகிறது. பற்பசை தேய்த்தால் கீறல் போய்விடும் என்கிறார்கள். செய்யலாமா? கீறலால் பவர் கூடிவிடுமா?

பதில்: பற்பசை வேண்டவே வேண்டாம். பல் கறையைத் தேய்த்தெடுப்பதற்காக அதில் நுண்ணிய துகள்கள் கலந்திருக்கும். அவை நல்லபடி இருக்கும் மேல்பூச்சையும் சேர்த்து உரித்துவிடும். விழுந்த கீறல் விழுந்ததுதான். லென்ஸை மாற்ற வேண்டும். ஃபிரேம் உறுதியாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். கீறலால் பவர் கூடாது.

புடவை பருத்தியா, பட்டா என்பதல்ல விஷயம். இப்போதைய லென்ஸ்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக். அதன்மேல் படியும் தெருப்புழுதியில் மணல் துகள் இருக்கும். உலர்ந்த துணியால் துடைத்தால் அந்த மணலை வைத்தே லென்ஸைத் தேய்க்கிறோம். வாயால் ஊதித் துடைத்தாலும் இதே கதைதான். எனவே முதலில் குழாய்த் தண்ணீரில் காட்டிப் புழுதியை ஓடவிடுங்கள். வெந்நீர் ஆகாது, சூட்டில் பிளாஸ்டிக் விரியும் அளவுக்கு மேல்பூச்சு விரியாமல் வெடிப்பு விடும். பிறகு பாத்திரம் கழுவும் திரவ சோப்பு ஒரே ஒரு சொட்டு. விரல் நுனியால் இருபுறமும் தடவி, மூக்கில் பதியும் பகுதியையும் தேய்த்து அலசுங்கள். அங்கே சேரும் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் சிலருக்குத் தோலைப் புண்ணாக்கும். கடையில் தரும் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். அதையும் அடிக்கடி துவைக்க வேண்டும், பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். பாத்திரம் தேய்க்கும் பவுடர், ஜன்னல் கண்ணாடி துடைக்கும் திரவம், நெயில் பாலிஷ் ரிமூவர் எதுவும் வேண்டாம்.

வீட்டில் யாராவது கான்டாக்ட் லென்ஸ் அணிந்தால், அவர்களுக்கு இந்தத் தண்ணீர் யோசனை பொருந்தாது. அந்த லென்ஸில் குழாய்த் தண்ணீர் படவே கூடாது. தண்ணீரில் வாழும் அகாந்தமீபா என்ற நுண்ணுயிரி கருவிழியில் கடுமையான புண்ணை உண்டாக்கிப் பார்வையையே பறிக்கக்கூடும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்துவது அந்த இரவுக் கூச்சம். கீறல் அதற்குக் காரணமாகலாம்தான். ஆனால் இந்த வயதில் கண்புரையின் ஆரம்பமும் இப்படித்தான் தெரியும். புரையால் கண்ணாடிப் பவரும் மாறும். எனவே புது லென்ஸுக்குப் பணம் கட்டுவதற்கு முன் கண் மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரை நோய் இருந்தால் சொல்லிவிடுங்கள், விழித்திரையையும் பார்ப்பார். அதுவரை இரவில் ஸ்கூட்டர் வேண்டாம். பரிசோதனைக்காகச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.