படகு டிரெய்லரில் கோணலாக ஏறுகிறதா? கேள்வி பதில்

(4 முதல் 6 மீட்டர் வரையுள்ள, அவுட்போர்டு இன்ஜின் (படகின் பின்பக்கத்தில் வெளியே மாட்டும் இன்ஜின்) பொருத்திய படகுகளை மனதில் வைத்துப் பதில்கள்.)

ராம்பில் (படகை இறக்கி ஏற்றும் சாய்தளத்தில்) பார்க்கும்போது படகு நேராக இருக்கிறது. வெளியே இழுத்ததும் பின்பக்கம் ஒருபுறம் ஒதுங்கிவிடுகிறது. ஏன் சார்?

டிரெய்லரை அதிக ஆழத்தில் இறக்குகிறீர்கள். படகின் முன்முனையான அணியம், வின்ச் (படகை இழுக்கும் கைச்சுழல் கருவி) உள்ள கம்பத்தைத் தொட்டிருக்கும், பின்பக்கமோ இன்னும் மிதந்துகொண்டிருக்கும். லேசான காற்று போதும், அது நகர்ந்துவிடும். வண்டியை இழுக்கும்போது எங்கே நிற்கிறதோ அங்கேயே உட்காரும்.

கார்ப்பெட் ஒட்டிய தாங்குபலகை டிரெய்லர் என்றால், முதலில் ஆழமாக இறக்கிப் பலகைகளை முழுக்க நனையுங்கள். பிறகு முன்னே இழுத்து, பலகையின் முன்பக்கம் மூன்றில் ஒரு பங்கு நீருக்கு வெளியே தெரியும்படி நிறுத்துங்கள். பல டிரெய்லர்களில் அப்போது மட்கார்டின் மேல்விளிம்பு நீர்மட்டத்தை ஒட்டி இருக்கும். படகு பாதி தூரம் தானாக மிதந்து வரும். பலகையில் உரசியதும் மீதியை வின்ச்சால் இழுங்கள். அந்த உரசல்தான் படகைப் பிடித்து நேராக வைக்கிறது. வின்ச் கொஞ்சம்கூடக் கனக்கவில்லை என்றால் இன்னும் ஆழம் அதிகம்; இரண்டு கையாலும் திருப்ப முடியவில்லை என்றால் குறைவு. பலகைக்குப் பதில் உருளைகள் உள்ள ரோலர் டிரெய்லருக்கு இதைவிடக் குறைந்த ஆழமே போதும்.

ஒரு ராம்பில் சரிவந்த அளவு இன்னொன்றில் சரிவராது. சரிவு கூடக்கூட, டிரெய்லரின் முன்முனைக்கும் பின்முனைக்கும் உள்ள ஆழ வித்தியாசமும் கூடும்.

அண்ணை, ஆழம் சரியாத்தான் வைக்கிறன். ஒரு குறிப்பிட்ட ராம்பிலை மட்டும் எப்பவும் இடப்பக்கம் சரிஞ்சு கிடக்கு.

அந்த ராம்ப் பக்கவாட்டில் சரிந்திருக்கும், அல்லது ஒரு சக்கரம் பள்ளத்தில் நிற்கும். தண்ணீரில் படகு மட்டமாக மிதக்கும், டிரெய்லர் சாய்ந்து நிற்கும். இரண்டும் எப்படிப் பொருந்தும்? ஒரு மீட்டர் தள்ளி வேறு தடத்தில் இறக்கிப் பாருங்கள். காரும் டிரெய்லரும் ஒரே கோட்டில் இருக்கட்டும். மடங்கிய நிலையில் ஏற்றினால், கார் கிளம்பும்போது டிரெய்லர் திரும்பும், பாதி மிதக்கும் படகு திரும்பாது.

தட்டையடிப் படகுக்கும் இதே முறைதானா?

ஆழம் அதேதான். ஆனால் வி வடிவ அடி, பலகைகளுக்கு நடுவில் தானாகவே விழுந்து அமரும். தட்டையடிக்கு அப்படி நடுவைத் தேடும் வடிவம் இல்லை. ஆகவே டிரெய்லரின் பின்முனையில் இருபுறமும் வழிகாட்டிக் கம்பங்கள் அவசியம். பிவிசி குழாய் மாட்டிய கம்பங்கள் போதும். படகின் அகலமான இடத்துக்கும் கம்பத்துக்கும் இடையே பக்கத்துக்கு 2 அல்லது 3 சென்டிமீட்டர் விடுங்கள். 10 சென்டிமீட்டர் விட்டால் கம்பம் வைத்ததற்குப் பயனில்லை.

பக்கக்காற்று அடிக்கும்போது?

நடுவிலிருந்து காற்று வரும் பக்கமாகச் சற்றுத் தள்ளி நுழையுங்கள், காற்றே நடுவுக்குக் கொண்டுவரும். பின்பக்கக் கொக்கியில் ஒரு கயிறு கட்டி, காற்று வரும் பக்கத்துப் படகுத்துறை மேடையில் நிற்பவரிடம் கொடுங்கள். நீரோட்டத்துக்கும் இதே வழி.

நேராகத்தான் இருக்கிறது. ஆனால் மேட்டுக்கு வந்ததும் அணியத்துக்கும் முன் ரோலருக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி!

செங்குத்தான ராம்பில் இது வழக்கம். பின்பக்கம் மிதந்து உயர்ந்திருப்பதால் அணியம் தாழ்ந்து ரோலரைத் தொடும்; வெளியே வந்து பின்பக்கம் இறங்கியதும் விலகும். மறுபடி இறக்கி, ஆழத்தைக் குறைத்து வின்ச்சால் இழுங்கள். அப்படியே ஓட்டிப் போகாதீர்கள். எடை பின்னால் தள்ளியிருந்தால் டிரெய்லரைக் காரோடு மாட்டும் இணைப்புக் குண்டின் மேல் பாரம் குறையும், வேகத்தில் டிரெய்லர் வாலாட்டும்.

இன்ஜினை முடுக்கியே ஏற்றிவிட்டால் என்ன?

வேண்டாம். புரொப்பெல்லர் தள்ளும் நீர் ராம்பின் அடிமண்ணை அரித்துக் குழியாக்கும். அடுத்து வருபவரின் டிரெய்லர் சக்கரம் கான்கிரீட் முடியும் இடத்தில் அந்தக் குழிக்குள் விழும். பல ராம்ப்களில் இதற்குத் தடையே உண்டு. மெதுவாக நுழைந்து, பலகையைத் தொட்டதும் இன்ஜினை நிறுத்தித் தூக்கிவிடுங்கள்.

பலகையில் சிலிக்கான் ஸ்பிரே அடிக்கலாமா?

அடித்தால் வின்ச் பட்டையையும் பாதுகாப்புச் சங்கிலியையும் படகு மிதக்கும் வரை கழற்றக் கூடாது. அலுமினியப் படகு ராம்பின் காய்ந்த பகுதியிலேயே வழுக்கிக் கான்கிரீட்டில் விழும். நனைந்த கார்ப்பெட்டே எனக்குப் போதுமானதாகப் படுகிறது.